முப்பது மைக்ரான்

திங்கட்கிழமை காலை வருகைப் பதிவு இயந்திரம் அவளுடைய கட்டைவிரலை ஏற்கவில்லை.

“மீண்டும் முயற்சிக்கவும்” என்றது உள்ளிருந்த பெண் குரல். விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு விளக்கு. வாயால் ஊதி ஈரப்படுத்தி வைத்தாள். சிவப்பு. தன் பணியாளர் எண்ணான நானூற்றுப் பதினேழை அழுத்திவிட்டு வைத்தாள். அதே குரல், அதே மரியாதை. பின்னால் வரிசையில் நின்றவர்களின் பெருமூச்சு கழுத்தில் பட்டது. யாராவது வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

“என்ன பஞ்சு, உன்னை யாருன்னே தெரியலைங்குதா?” என்றார் கல் அறுக்கும் பிரிவில் இருக்கும் அண்ணன். நடந்தால் சத்தமே வராது என்று அவள் சேர்ந்த முதல் வாரத்தில் அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். இப்போது கட்டடம் முழுக்க அவள் பஞ்சுதான். அவர் தன் விரலை வைத்தார். பச்சை. “நன்றி” என்றது குரல். அவருடைய விரலில் காய்ந்த சேறு அப்பியிருந்தது.

எல்லோரும் உள்ளே போன பிறகு இன்னும் ஐந்து முறை முயன்றாள். நானூற்றுப் பதினேழு, விரல். நானூற்றுப் பதினேழு, விரல். பிறகு அலுவலகப் பொறுப்பாளர் அமர்ந்திருக்கும் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். அவர் நிமிரும்வரை காத்திருந்தாள். தொண்டையைச் செருமிப் பார்த்தாள்.

“ஐயோ, எப்போ வந்தே?” என்றார் மேடம்.

“மெஷின் எடுக்க மாட்டேங்குது மேடம்.”

“எல்லாருக்கும் எடுக்குதே.”

“தேய்க்கிற வேலைல விரல் தேஞ்சு போச்சு. ரேகை இல்ல.”

“சேர்ந்த அன்னிக்கு உன் விரலைத்தானே முதல் தடவையே எடுத்துச்சு. குறுக்கால இவ்ளோ பெரிய தழும்பு, நீ தொலைஞ்சு போனாக்கூடக் கண்டுபிடிச்சிடலாம்னு நான்கூடச் சிரிச்சேனே.” மேடம் கணினியைத் திருப்பிக் காட்டினார். “இதோ பாரு. வெள்ளிக்கிழமை உனக்கு ஆறு மாசம் முடியுது. வேலை நிரந்தரம்னு கடிதம் அடிச்சு வெச்சிருக்கேன். இந்த வாரம் பூரா ஆப்சென்ட்னு விழுந்தா அது அப்படியே நின்னுடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது.”

“நான் இங்கதான் நிக்கிறேன் மேடம். நீங்களே பாக்கறீங்களே.”

“நான் பாத்து என்ன செய்ய? அது பாக்கணும்ல.”

பதில் ஒன்று நாக்கின் நுனிவரை வந்தது. வழக்கம்போல அங்கேயே நின்றுவிட்டது.

அவள் வேலை, கல்லைச் சீவலாக்குவது. ஒரு கல்துண்டைக் கண்ணாடித் தகட்டில் பசையால் ஒட்டி, ஈரப்பொடியில் தேய்த்துத் தேய்த்து முப்பது மைக்ரான் தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. அந்த மெலிவில் கல்லே கண்ணாடிபோல ஆகிவிடும். கீழிருந்து வெளிச்சம் விட்டால் உள்ளே என்னென்ன கனிமம் இருக்கிறது என்று நுண்ணோக்கி சொல்லிவிடும். கடைசிப் பத்திருபது மைக்ரானுக்கு இயந்திரம் உதவாது, கைதான். கையுறை போடச் சொல்லிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் உறைக்குள் இருக்கும் விரலுக்குக் கல்லின் முனகல் தெரியாது. ஒரு கணம் கூடுதலாக அழுத்தினால் போதும், சீவல் சேறோடு போய்விடும். அதனால் இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வெறும் விரலால்தான் தேய்ப்பார்கள். எல்லோருக்கும் ரேகை தேயும். விடுமுறையில் திரும்ப முளைக்கும்.

அன்று அவளுக்குக் கொடுத்திருந்தது ஒரு சுரங்கப்பாதைக்காகத் துளைபோட்டு எடுத்த உருளைக் கல். வந்ததில் பாதி வேறு சோதனைகளில் நொறுங்கிப்போய், விரல் நீளத்துக்கு ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. அதில் பெரும்பகுதி பிரான்சைட். பழுப்பும் பச்சையும் கலந்த, பார்வைக்கு மந்தமான கனிமம். கையில் வைத்துத் திருப்பினால் ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் சட்டென்று வெண்கலம்போல மின்னும். இம்மி நகர்ந்தால் அணைந்துவிடும். உள்ளே ஒரே திசையில் அடுக்கியிருக்கும் நுண்ணிய தகடுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கல்லூரியில் இரண்டு மதிப்பெண் கேள்வி. அவளுக்கு அது எப்போதும் வேறு மாதிரித்தான் தோன்றும், தூங்குவதுபோல நடிக்கும் ஒருவர் ஒரு நொடி கண் திறந்து பார்ப்பதுபோல.

“இதை நான்தான் அறுத்தேன்” என்றார் அண்ணன், துண்டை நீட்டியபடி. “சேறே வரல பஞ்சு.”

“சேறு வராம எப்படிண்ணா?”

“அதான் எனக்கும் தெரியல. முப்பது வருஷமா அறுக்கறேன். ரம்பத்துக்கு ஊத்தற தண்ணி எந்தக் கல்லா இருந்தாலும் கலங்கிப் போகும். இதுக்கு ஊத்தினது ஊத்தின மாதிரியே வழிஞ்சுது. ஆனா பல்லு தேஞ்சிருக்கு. புது ரம்பம்.” அவர் துண்டைக் கொடுத்துவிட்டுக் கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார். கை ஈரமாகவே இல்லை.

அவள் புதுக் கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்தாள். ஒட்டும் முன் வைர முனைப் பேனாவால் தகட்டின் ஓரத்தில் மாதிரி எண்ணைக் கீற வேண்டும். மேடத்திடம் சொல்லாமல் விட்ட பதிலை மனதுக்குள் திருத்தித் திருத்திச் சொல்லிக்கொண்டே கீறினாள். ஒட்டினாள். பசை காய்ந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கல்லின் எண் இருக்க வேண்டிய இடத்தில் 417.

காலையில் அத்தனை முறை அழுத்திய எண். கை தானாக எழுதியிருக்கிறது.

கீறியதை அழிக்க முடியாது. தவறான எண் கொண்ட தகட்டை உடைத்துப் போட்டுவிட்டு வேறு துண்டு ஒட்ட வேண்டும் என்பது விதி. வேறு துண்டு இல்லை. ஒட்டியது போக மீந்ததைத் தொடக் கூடாது, அது பெட்டியில் பத்திரமாக இருக்க வேண்டும். ஆய்வகத் தலைவரிடம் போய்ச் சொல்வதை நினைத்தபோதே காது சுட்டது. வெள்ளிக்கிழமை சீவலைக் கொடுக்கும்போது சொல்லிக்கொள்ளலாம், தாளில் திருத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். தேய்க்க உட்கார்ந்தாள்.

அந்த அறையில் ஒரு குழாய், கனத்த கண்ணாடிப் பலகை, ஒரு முக்காலி, வடக்குப் பக்கம் ஒரு சன்னல். ஈரப்பொடியின் வாடை, மழையில் நனைந்த சிமெண்டு வாடைபோல, எப்போதும் இருக்கும். பலகையில் பொடியைத் தூவி, நீர் சொட்டி, தகட்டைக் கவிழ்த்து, மூன்று விரல்களால் அழுத்தி எட்டு எட்டாகச் சுற்றினாள். நல்ல கல் தேயும்போது அரிசி களைவதுபோல் ஒரு ஓசை வரும். மெலிய மெலிய அது இழைந்து, பட்டுத்துணி உரசுவதுபோல ஆகிவிடும். அந்த ஓசையைக் கேட்டுத்தான் அவள் நிறுத்துவாள். அன்று மதியத்துக்குள் பட்டுத்துணி வந்துவிட்டது. அளந்தாள். நாற்பத்தைந்து மைக்ரான். அரை மணி நேர வேலைதான் பாக்கி.

அரை மணி நேரம் தேய்த்தாள். அளந்தாள்.

ஐம்பத்திரண்டு.

தகட்டைக் கழுவித் துடைத்து மறுபடி அளந்தாள். ஐம்பத்திரண்டு. அளவுமானியின் மேல் சந்தேகம் வந்து, பழைய சீவல் ஒன்றை வைத்துப் பார்த்தாள். முப்பது. சரியாகத்தான் காட்டுகிறது. நுண்ணோக்கி இருக்கும் இருட்டறைக்கு எடுத்துப்போனாள். அதில் குறுக்கும் நெடுக்குமாக வைத்த ஒளி வடிகட்டிகளுக்கு இடையில் கல் காட்டும் நிறம் பொய் சொல்லாது. கல் மெலிய மெலிய நிறங்கள் இறங்கிவரும்: பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள், கடைசியில் சாம்பல் கலந்த வெள்ளை. மதியம் பார்த்தபோது மஞ்சளாக இருந்தது. இப்போது சிவப்பு.

நிறம் ஏறியிருந்தது.

பலகைக்குத் திரும்பி வந்தவள் அப்போதுதான் சேற்றைக் கவனித்தாள். கரும்பச்சையாக இருக்க வேண்டிய சேறு வெளுத்திருந்தது. லேசான இளஞ்சிவப்பு. பசை கலந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கழுவிவிட்டாள்.

வீட்டில் அக்காவும் அவளும் மட்டும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா, பிறரை முந்திக்கொண்டு பேசியே பழகியவள்.

“ஃபோன் பண்ணா எடுக்க மாட்டியா?”

“விரல் வெச்சா திறக்க மாட்டேங்குதுக்கா. லிஃப்ட் பட்டனும் எடுக்கல. ஆறு மாடி ஏறி வந்தேன்.”

“காட்டு.” அக்கா அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். உடனே விட்டுவிட்டாள். “ஏன்டி இப்படி வழவழன்னு இருக்கு? சோப்பு மாதிரி. தழும்பு எங்கடி?”

அவளும் பார்த்தாள். ஏழு வயதில் உடைந்த கண்ணாடி டம்ளர் கிழித்த தழும்பு, கட்டைவிரலின் குறுக்கே சாய்ந்து ஓடும் வெள்ளைக் கோடு. எல்லை எது என்று தெரியாதபடி மங்கியிருந்தது.

“தேஞ்சிருக்கும்” என்றாள்.

“தழும்பு எங்கயாவது தேயுமா? பேசாம அந்த வேலையை விட்டுத் தொலை.”

“வெள்ளிக்கிழமை நிரந்தரமாகுதுக்கா.”

அக்கா களிம்பு ஒன்றைத் தேடி எடுத்துத் தடவிவிட்டாள். இந்த வீட்டு வாடகைக்கு இரண்டு சம்பளம் வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை இயந்திரம் எடுக்கவில்லை. காலை முழுவதும் தேய்த்தாள். அறுபது. நிறம் நீலம். மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் தேய்த்தாள். அறுபத்தாறு. கையின் வேகம் கூடக் கூட மூச்சு பல்லிடுக்கில் சீறியது. முழுத் தகட்டையும் சுவரில் வீசியடிக்க வேண்டும்போல இருந்தது. வீசியெறிந்தால் உடையும் சத்தத்துக்கு யாராவது ஓடிவருவார்கள், வந்தவர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டும். மெதுவாக வைத்தாள். எதிரில் பெட்டிக்குள் மீதித் துண்டு கிடந்தது. அவள் தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் மின்னியது. எந்தப் பக்கம் சாய்த்தாலும்.

தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். “என்னம்மா, ஒரு கல்லைத் தேய்க்க ஒரு வாரமா?”

“சார், அது தேய மாட்டேங்குது. தடிமன்...”

“ஹலோ? லைன்ல இருக்கியா? ஒண்ணும் கேக்கல.”

“சார், தடிமன் கூடுது.”

“ஹலோ? சரி, வெள்ளிக்கிழமை மேசைல இருக்கணும்.” வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டாள். கதவைத் தட்டினாள். கை வலிக்கும்வரை தட்டினாள். எதிர் வீட்டில் பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. யாரும் வரவில்லை. மறந்து வைத்த குடையை எடுக்க அக்காவே திரும்பி வந்து திறந்தபோது, நிலைப்படியில் நின்றவளைப் பார்த்து அலறிவிட்டாள்.

“நீ கிளம்பிட்டேன்னு நினைச்சேன்டி!”

“தட்டினேன்க்கா. கூப்பிட்டேன்.”

“சத்தமே கேக்கல. சத்தியமா.” அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குப் பின்னால் இருந்த எதையோ பார்ப்பதுபோல இருந்தது. “லைட்டைப் போடு முதல்ல. இருட்டுல நிக்காத.”

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அன்று மதியம் நீலம் பச்சையானது. எழுபத்து நான்கு. இவ்வளவு தடிமனில் கல் மங்கலாகத்தான் தெரிய வேண்டும். தெளிவாகத் தெரிந்தது. இருட்டறையில் கண்ணை நுண்ணோக்கியில் பதித்தபடி அவள் நீண்ட நேரம் அசையாமல் இருந்தாள். வெளியே தாழ்வாரத்தில் யாரோ வண்டி தள்ளிப்போகும் சத்தம், குழாய் சொட்டும் சத்தம், தன் இமை கண்ணாடியில் உரசும் சத்தம் எல்லாம் கேட்டன. பிரான்சைட்டுக்குள் நுண்ணிய கோடுகள் இருக்கும். நேரானவை, ஒன்றுக்கொன்று இணையானவை. கோடு போட்ட நோட்டுப்போல. படிகம் உடையும் திசை அது. அதனால் அவை வளையாது.

இவை வளைந்திருந்தன.

நுண்ணோக்கியின் சுழல்தட்டை மெல்லத் திருப்பினாள். கோடுகள் ஒரு மையத்தைச் சுற்றி வளைந்து, சுருண்டு, உள்ளே உள்ளே போயின. சிறிய உருப்பெருக்கிக்கு மாற்றினாள். முழுச் சீவலும் தெரிந்தது. சுழி. சுழிக்குக் குறுக்கே, சாய்வாக, ஒரு வெள்ளைக் கோடு.

அவளுக்கு அந்தக் கோட்டைத் தெரியும். பதினாறு வருடமாகத் தெரியும்.

தகட்டை எடுத்துவிட்டுத் தன் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்தாள். கீழிருந்து வரும் வெளிச்சத்தை விரல் மறைக்க வேண்டும். பார்வைப்புலம் இருண்டுபோக வேண்டும்.

இருளவில்லை.

தகட்டோடு தலைவரின் அறைக்கு ஓடினாள். ஓடியதற்கும் சத்தம் வரவில்லை. அவர் யாருடனோ கைப்பேசியில் பேசியபடி தகட்டை வாங்கி மேசை விளக்கில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது.

“நல்லா வந்திருக்கு. ஆனா இது என்ன, கைரேகை? பசைல விரல் பட்டிருக்கு. இவ்ளோ நாள் ஆகியும் சுத்தமா ஒட்டத் தெரியலையா?”

“பசைல இல்ல சார். கல்லுக்குள்ள இருக்கு. ஃபோகஸ் பண்ணிப் பாத்தேன், நடுவுலதான்...”

“பசைதான்மா. வேற என்ன? இன்னும் கொஞ்சம் தேய். போயிடும்.” கைப்பேசியில், “இல்லப்பா, இங்க யாரும் இல்ல, நீ சொல்லு” என்றார்.

அவள் அவருக்கு எதிரே, மேசைக்கு இந்தப் பக்கம், இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள்.

வியாழக்கிழமை காலை சீவலைச் சிறிய பெட்டியில் வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். இரவு அதை ஆய்வகத்தில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. வாசலில் யாரும் இல்லை. நானூற்றுப் பதினேழு, விரல். மீண்டும் முயற்சிக்கவும். நானூற்றுப் பதினேழு, விரல். விசைகளும் அவளுடைய அழுத்தலை ஒன்றுவிட்டு ஒன்றுதான் உணர்ந்தன. பதினொன்றாவது முறை. பன்னிரண்டாவது முறை. நாளைக்குக் கடிதம். நாளைக்கு. ஆறு மாதம் நேரம் தவறாமல் வந்திருக்கிறாள், காய்ச்சலோடு வந்திருக்கிறாள், ஒருவரிடமும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. கண்ணில் நீர் முட்டியது. பெட்டியைத் திறந்து, தகட்டை எடுத்து, கல் இருக்கும் பக்கத்தை இயந்திரத்தின் கண்ணில் வைத்து அறைந்தாற்போல அழுத்தினாள்.

பச்சை.

“நன்றி. நான்கு ஒன்று ஏழு.”

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது. “பாத்தியா, எடுத்துடுச்சு! நல்லாக் கழுவினா எடுக்கும்னு நினைச்சேன். இனிமே கவலை இல்ல. நாளைக்கு வந்து கடிதத்தை வாங்கிக்கோ.”

அவள் சிரித்துவிட்டாள். வெட்கமாக இருந்தது, ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. எப்படி, ஏன் என்பதையெல்லாம் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். அன்று அவள் தேய்க்கவில்லை. தகட்டைப் பலகையில் வைத்து, மேலே ஈரத்துணி போர்த்தி, கையைக்கூட அதன் பக்கம் கொண்டுபோகாமல் மற்ற வேலைகளைப் பார்த்தாள். கிளம்பும்போது அதை எடுத்துப் போக மறந்தாள்.

மறந்தாளா? கைவைக்க அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அவள் கிளம்பும்போது அக்கா எழுந்திருக்கவில்லை. பேருந்தில் அவள் உட்கார்ந்திருந்த இருக்கையில் ஒருவர் வந்து உட்காரப் போனார். கடைசி நொடியில் ஏதோ குளிர்ச்சி பட்டதுபோல எழுந்து, உள்ளங்கையால் இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார். அவள் மடியில்தான் தடவினார்.

எட்டு மணி. இயந்திரம். விசைகள் ஒன்றும் அழுந்தவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். கடைசியில் நான்கு. ஒன்று. ஏழு.

“வருகை ஏற்கெனவே பதிவாகிவிட்டது” என்றது குரல். “ஏழு ஐம்பத்தெட்டு.”

தாழ்வாரத்தில் நடந்தாள். அண்ணன் எதிரே வந்தார். “அண்ணா” என்றாள். கடந்து போனார். கடந்து போனபின் ஒரு கணம் நின்று, திரும்பாமல், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஓசை அங்கேயே கேட்டது. தாழ்வாரத்தின் கோடியிலிருந்து. ஈரமான, சீரான, அரிசி களைவதுபோன்ற ஓசை. எட்டு எட்டாக. அவள் கையின் தாளம் அது. வேறு யாரும் அப்படித் தேய்ப்பதில்லை, ஏழாவது சுற்றில் அவளுக்கு ஒரு சிறு தயக்கம் வரும்.

ஏழாவது சுற்றில் தயங்கியது.

ஆய்வகக் கதவின் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தைப் பதித்தாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது. முக்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வெள்ளை மேலங்கி. அவளைப்போலவே கூனிய முதுகு. தலைவர் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மேடம் கடிதத்தை நீட்டி, “இங்க ஒரு கையெழுத்து, இங்க கட்டைவிரல்” என்றார். அந்தக் கை நிதானமாக நீண்டு தாளில் அழுந்தி எடுத்தது.

“எவ்ளோ சுத்தமா விழுந்திருக்கு பாரு” என்றார் மேடம். “தழும்புகூட.”

அவள் கதவைத் தட்டினாள். குத்தினாள். கத்தினாள். ஆறு மாதமும் அதற்கு முன்னால் இருபத்து மூன்று வருடமும் நாக்கின் நுனியில் நிறுத்தி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

உள்ளே ஓசை நிற்கவில்லை.

“அந்தச் சீவல் முடிஞ்சுதாம்மா?” தலைவர் கேட்டார்.

முக்காலியில் இருந்தவள் பலகையிலிருந்து தகட்டை எடுத்து, கழுவி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓரத்தில் 417. அதில் ஒட்டியிருந்தது பழுப்பும் இல்லை, பச்சையும் இல்லை. வெளிறியது. லேசான இளஞ்சிவப்பு. சன்னலுக்கு வெளியே இருந்த மரத்தின் ஒவ்வொரு கிளையும் அதனூடே தெரிந்தது.

“சபாஷ்” என்றார் தலைவர். “இன்னும் ஒரு ரெண்டு மைக்ரான். அவ்வளவுதான்.”

கதவில் வைத்திருந்த தன் கைகளைப் பார்த்தாள். கதவுப் பலகையின் மர இழைகள் தெரிந்தன. முன்னால் இருக்க வேண்டிய கைகள் வழியாக.

உள்ளே இருந்தவள் பொடி தூவினாள். நீர் சொட்டினாள். தகட்டைக் கவிழ்த்து வைத்து, மூன்று விரல்களை அதன்மேல் பதித்துவிட்டு, கதவுப் பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினாள். இருண்ட முகம். கரும்பச்சையில் ஒன்றுமே தெரியாத முகம். இன்னும் கொஞ்சம் திரும்பியது. இன்னும் இம்மி.

மின்னியது.

பிறகு தேய்க்கத் தொடங்கினாள். பட்டுத்துணி உரசுவதுபோல ஓர் ஓசை.